மூன்று மாதம் யாருக்காகவும் காத்திருக்காது

கேள்வி: வழக்கறிஞர் அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறேன். சிலாங்கூரில் பதினொரு ஆண்டுகளாக வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்தி வந்தேன். ஆண்டுதோறும் லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். இந்த ஆண்டு மே 28 தேதியிட்டு, 'விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்று இரண்டே வரியில் ஒரு கடிதம். ஜூன் 3 அன்று தபாலில் வந்தது. காரணம் எதுவும் இல்லை. நேரில் போய்க் கேட்டபோது, 'அராஹான் அத்தாசான், மேலிடத்து உத்தரவு' என்றார் ஓர் அதிகாரி. ஜூன் 30-ல் லைசென்ஸ் முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டேன். ஆறு பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள்.

அதே ஜூன் மாதம் இன்னோர் அடி. அரசு சார்ந்த ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்று ஆண்டுக்கு எடுத்திருந்த கேன்டீன் ஒப்பந்தத்தைப் பதினான்காவது மாதத்திலேயே முறித்துவிட்டார்கள். நான்கு மாதச் சாப்பாட்டுக் கணக்கு, 86,400 வெள்ளி (ரிங்கிட்), இன்னும் வரவில்லை.

சட்டமன்ற உறுப்பினரின் கடிதத்தோடு நகராண்மைக் கழகத்துக்கு மேல்முறையீட்டு மனு கொடுத்திருக்கிறேன். செப்டம்பர் கூட்டத்தில் பார்க்கலாம் என்கிறார்கள். அதுவரை பொறுத்திருக்கலாமா? அரசாங்கத்தை எதிர்க்க லண்டனில் படித்த பாரிஸ்டர்தான் வேண்டும், சாதாரண லாயரால் முடியாது என்கிறார் என் மைத்துனர். அது உண்மையா?

— செந்தூல் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, பொறுத்திருக்க வேண்டாம். இந்தப் பகுதி அச்சாகி வரும்வரைகூட நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால்தான் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் உங்களிடம் பேசினேன். அன்று சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்களைப் போல மனுவை நம்பி உட்கார்ந்திருக்கும் பலர் இதைப் படிப்பார்கள்.

நான் சேம்பரிங், அதாவது வழக்கறிஞர் ஆவதற்கான பயிற்சி, செய்துகொண்டிருந்த காலத்தில் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய லைசென்ஸும் இப்படித்தான் போயிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஐந்து மாதக் கடிதங்கள்: மன்ற உறுப்பினருக்கு ஒன்று, சட்டமன்ற உறுப்பினருக்கு இரண்டு, ஓர் அமைச்சருக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்ற பதில்கள். என் மூத்த வழக்கறிஞர் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, முதல் கடிதத்தின் தேதியில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். வழக்கில் நியாயம் இருந்தது. நாள்தான் இருக்கவில்லை. அந்த மனிதர் எழுந்து போனபோது பையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அரசு அமைப்புகளின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டத்தை என் தொழிலாக எடுத்துக்கொண்டதற்கு அந்தப் பையும் ஒரு காரணம்.

உங்கள் கோபம் ஒன்றுதான், ஆனால் சட்டத்தின் பார்வையில் அது இரண்டு வழக்கு. லைசென்ஸ் மறுக்கப்பட்டது பொதுச் சட்டம். கேன்டீன் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது வர்த்தகச் சட்டம். இரண்டுக்கும் நீதிமன்றத்தில் நுழையும் வாசல் வேறு, கேட்கக்கூடியது வேறு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, காலக்கெடு வேறு. ஒரே மாதத்தில் வந்ததால் ஒரே மனுவில் போட்டுவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் லைசென்ஸ். ஓர் அரசு அமைப்பு சட்டம் கொடுத்த அதிகாரத்தைப் பயன்படுத்தி எடுத்த முடிவை எதிர்க்க, உயர் நீதிமன்றத்தில் நீதித்துறைச் சீராய்வு கேட்க வேண்டும். மலாயில் செமாக்கான் கெஹாக்கிமான். நீதிமன்ற விதிகள் 2012, 53-ஆவது கட்டளை இதற்கான வழியைச் சொல்கிறது. தாமதமின்றி வர வேண்டும், எப்படியும் முடிவு உங்களுக்கு முதன்முதலில் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வர வேண்டும். பழைய விதிகளில் இது வெறும் 40 நாளாக இருந்தது.

கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் செப்டம்பர் 3 கடைசி நாள். கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 28. நீங்கள் ஆகஸ்ட் 28 என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று எதிர்த்தரப்பு வாதாடும் நிலைக்கு ஏன் போக வேண்டும்?

இப்போது அந்தச் செப்டம்பர் கூட்டத்தைப் பாருங்கள். மனு கொடுத்ததால் கடிகாரம் நிற்பதில்லை. செப்டம்பரில் மறுபடியும் 'முடியாது' என்று எழுதினால், அந்த இரண்டாவது கடிதத்திலிருந்து புதிதாக மூன்று மாதம் கிடைக்கும் என்று நம்பவும் முடியாது. முடிவு மே மாதமே எடுக்கப்பட்டுவிட்டது, இது அதையே திருப்பிச் சொன்ன கடிதம் என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடும். சட்டமன்ற உறுப்பினரின் கடிதம் நல்ல மனத்தோடு எழுதப்பட்டதாகவே இருக்கட்டும். அதனால் உங்கள் கெடு ஒரு நாள்கூட நீளாது. மனுவை வாபஸ் வாங்கச் சொல்லவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும், வழக்கை நாளுக்குள் பதிவு செய்யுங்கள். செப்டம்பரில் லைசென்ஸ் கிடைத்துவிட்டால் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

கெடுவை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தக்க காரணம் காட்ட வேண்டும். ஆனால் அந்தக் கதவு எவ்வளவு ஒடுக்கமானது என்பதற்குப் பகாங் மாநிலம் ரவூப் அருகே புக்கிட் கோமான் கிராம மக்களின் வழக்கே சாட்சி. சயனைடு பயன்படுத்தும் தங்கச் சுரங்க ஆலைக்குச் சுற்றுச்சூழல் துறை 1997-ல் கொடுத்த ஒப்புதலை எதிர்த்து அவர்கள் 2008-ல் நீதிமன்றம் போனார்கள். தங்கள் வீட்டு வாசலில் நடப்பதைப் பற்றிக் கவலைப்பட்ட சாதாரண மக்கள். காலம் கடந்துவிட்டது என்பதால் அவர்களின் வழக்கு விசாரணைக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் அதுதான் முடிவு. இந்தக் கெடு அடிப்படையானது, நீதிமன்றத்தின் அதிகார வரம்பையே தொடுவது என்று அங்கே சொல்லப்பட்டது. எனக்கு இன்றும் வருத்தம் தரும் தீர்ப்பு அது. ஆனால் சட்டம் அதுதான்.

நாளுக்குள் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கில் பலம் இருக்கிறதா?

முதலில் கசப்பான செய்தி. ஊராட்சி மன்றச் சட்டம் 1976, 107-ஆவது பிரிவு, லைசென்ஸ் கொடுக்கவோ புதுப்பிக்கவோ மறுப்பதற்கு நகராண்மைக் கழகம் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நிமிடத்திலேயே அதைத்தான் வாசிப்பார். ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்றால் காரணமே இல்லாமல் மறுக்கலாம் என்று ஆகிவிடாது. இதைப் புரியவைக்க நான் எப்போதும் கையில் எடுப்பது 1979-ல் சட்ட ஏடுகளில் வெளிவந்த ஸ்ரீ லெம்பா வழக்கு. கோலாலம்பூரில் ஒரு நிறுவனம் தன் நிலத்தை மேம்படுத்த அனுமதி கேட்டது. நிரந்தர உரிமை கொண்ட அந்த நிலத்தை ஒப்படைத்துவிட்டு 99 ஆண்டுக் குத்தகையாகத் திரும்ப வாங்கிக்கொண்டால்தான் அனுமதி என்றது அதிகாரத் தரப்பு. கூட்டரசு நீதிமன்றம் அந்த நிபந்தனையை ஏற்கவில்லை. எல்லையற்ற தன்விருப்ப அதிகாரம் என்பதே தனக்குத்தானே முரண்பட்ட பேச்சு, சட்டம் தரும் ஒவ்வோர் அதிகாரத்துக்கும் சட்டம் வகுத்த எல்லை உண்டு என்ற கருத்தை அதில் எழுதியவர் ராஜா அஸ்லான் ஷா. பின்னாளில் பேராக் சுல்தானாகவும் நாட்டின் மாமன்னராகவும் இருந்தவர். வியாபாரப் பிரச்சினை ஒன்று பொதுச் சட்டத்தின் மூலக்கல்லாக ஆனது என்பதால் எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு அது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது: 'மேலிடத்து உத்தரவு'. சட்டம் ஓர் அதிகாரத்தை நகராண்மைக் கழகத்திடம் கொடுத்திருக்கிறது என்றால், கழகமேதான் யோசித்து முடிவெடுக்க வேண்டும். வெளியிலிருந்து யாரோ சொன்னதற்குத் தலையாட்டினால் அந்த முடிவு செல்லாது. அந்த 'மேலிடம்' கழகத்துக்குள்ளேயே இருக்கும் மேலதிகாரி என்றால் வாதம் வலுவிழக்கும், வெளியே இருப்பவர் என்றால் வழக்கின் முகமே மாறும். எனவே இன்றே உட்கார்ந்து எழுதி வையுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த கவுண்டர், அவர் என்ன பதவி, மலாயில் சொன்ன சொற்கள் அப்படியே, கூட யார் இருந்தார்கள். ஒரு மாதம் போனால் நினைவு மங்கும். மங்கிய நினைவை எதிர்த்தரப்பு எளிதில் தள்ளிவிடும்.

இரண்டாவது பலம், அந்தப் பதினொரு ஆண்டு. புதிதாக லைசென்ஸ் கேட்டு வரும் ஒருவருக்கும், ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொடுத்த லைசென்ஸை நம்பி முதல் போட்டு ஆள் வைத்து நடத்திய ஒருவருக்கும் வித்தியாசம் உண்டு. பின்னவரை மறுப்பதற்கு முன் அவர் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும் என்று உறுதியாக வாதாடலாம். அரசமைப்புச் சட்டத்தின் 5-ஆவது விதி பாதுகாக்கும் 'உயிர்' என்பதற்குள் பிழைப்பும் அடங்கும் என்று நீதிபதி கோபால் ஸ்ரீராம் 1996-ல் டான் டெக் செங் வழக்கில் எழுதினார். வேலை பறிபோன ஓர் ஆசிரியரின் வழக்கு அது. பின்னால் வந்த எல்லாத் தீர்ப்புகளும் அந்த அளவுக்குத் துணிந்து போகவில்லை என்பதையும் நான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் பூட்டிய கடைக்கு முன்னால் நிற்கும் ஆறு தொழிலாளர்களைப் பற்றிப் பேசும்போது, அந்த வரியை நீதிபதி முன் வைக்காமல் நான் உட்காரமாட்டேன்.

நடைமுறை எப்படி இருக்கும்? வழக்கு இரண்டு படியாகப் போகும். முதலில் அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கட்டத்திலேயே சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் வந்து ஆட்சேபிக்கலாம். அனுமதி கிடைத்த பிறகுதான் முழு விசாரணை. சினிமாவில் வருவது போலச் சாட்சிக்கூண்டு, குறுக்கு விசாரணை எல்லாம் பெரும்பாலும் இருக்காது. எல்லாமே சத்தியப் பிரமாணப் பத்திரங்கள். நீங்கள் எழுதிக் கையெழுத்திடும் அந்தப் பத்திரம்தான் உங்கள் வாய். அதில் இல்லாத ஒன்றை நான் எழுந்து நின்று பேசிக் கொண்டுவர முடியாது. கடை சிலாங்கூரில் என்பதால் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்வது இயல்பு.

தீர்ப்பு வரும்வரை கடையைத் திறக்கலாமா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். லைசென்ஸ் இல்லாமல் ஒரு நாள்கூடத் திறக்காதீர்கள். பூட்டி வைத்தது சரியான செயல். மறுத்த முடிவை நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தி வைத்தாலும், காலாவதியான லைசென்ஸ் தானாக உயிர் பெறாது. அதற்கென்று தனி இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும், கிடைப்பதும் எளிதல்ல. வென்றாலும் நீதிபதியே உங்கள் கையில் லைசென்ஸைக் கொடுப்பது அரிது. மறுத்த முடிவை ரத்துச் செய்து, சட்டப்படி மறுபடியும் பரிசீலியுங்கள் என்று கழகத்துக்குத் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். ராம சந்திரன் வழக்கில், சூழ்நிலைக்கு ஏற்றவாறு நிவாரணத்தை நீதிமன்றமே வடிவமைக்கலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் காட்டியது. வேலைநீக்கம் செய்யப்பட்ட அவரை மறுபடியும் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அலையவிடாமல் இழப்பீட்டை அங்கேயே தீர்த்து வைத்தார்கள். ஆனால் அது விதிவிலக்கு. அதை நம்பி வழக்குப் போடச் சொல்லமாட்டேன்.

இனி கேன்டீன். இதில் அவசரம் குறைவு, ஆவணம்தான் அதிகம். ஒப்பந்தத்தை முறித்தது அரசு சார்ந்த அமைப்பு என்பதற்காக அது பொதுச் சட்டமாகிவிடாது. சோறு போட ஒப்பந்தம், காசு தராதது ஒப்பந்த மீறல். சீராய்வு கேட்டுப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாதாரண சிவில் வழக்குதான் வழி. 1953 வரம்புச் சட்டப்படி ஒப்பந்த வழக்குக்கு ஆறு ஆண்டு உண்டு. ஆனால் பொது அதிகார அமைப்புகளைப் பாதுகாக்கும் 1948 சட்டத்தில் 36 மாதம் என்ற கெடு இருக்கிறது. வர்த்தக ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது என்று வாதாட முடியும். ஆனாலும் அந்த வாதம் தேவைப்படாதபடி 36 மாதத்துக்குள் முடித்துக்கொள்வதே அறிவு.

ஒப்பந்தத்தில் இரண்டு ஷரத்துகளைத் தேடிப் பாருங்கள். ஒன்று, முன்னறிவிப்புக் கொடுத்து எந்தக் காரணமும் இல்லாமல் முறிக்கலாம் என்ற ஷரத்து. அது இருந்தால் மீதி இருபத்திரண்டு மாத லாபத்தையும் கேட்பது கடினம், முன்னறிவிப்புக் காலத்துக்கான இழப்பு மட்டுமே மிஞ்சக்கூடும். மற்றொன்று, தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டும் என்ற திம்பாங்தாரா ஷரத்து. அது இருந்தும் நீங்கள் நீதிமன்றம் போனால், அவர்கள் உடனே ஆட்சேபித்து, 2005 நடுவர் சட்டத்தின் 10-ஆவது பிரிவின் கீழ் வழக்கை நிறுத்திவைக்கச் செய்யலாம். பணமும் மாதங்களும் வீண்.

எந்த ஷரத்து இருந்தாலும் 86,400 ரிங்கிட் உங்கள் பணம். சமைத்துப் பரிமாறிய சாப்பாட்டுக்கான பணம். அது மட்டும் என்றால் 100,000 ரிங்கிட்டுக்குள் அடங்கும், மாஜிஸ்திரேட் நீதிமன்றமே போதும். லாப இழப்பையும் சேர்த்தால் செஷன்ஸ் நீதிமன்றம், அங்கே பத்து லட்சம் ரிங்கிட் வரை கேட்கலாம். வழக்குக்கு முன் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். எல்.ஓ. எனும் கொள்முதல் ஆணைகளின் எண்கள், ஒவ்வொரு நாளும் பரிமாறிய எண்ணிக்கைக்கு அவர்கள் கையெழுத்திட்ட சீட்டுகள், பில்கள் எல்லாம் வரிசையாக இருந்தால், இப்படிப்பட்ட பாக்கிகளில் பல அந்தக் கடிதத்திலேயே தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மைத்துனரின் பேச்சுக்கு வருகிறேன். நானும் லண்டனில் லிங்கன்ஸ் இன் என்ற பாரிஸ்டர் சங்கத்தில் பாரிஸ்டராக அழைக்கப்பட்டவள்தான். அதனால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்: உங்களுக்குத் தேவை அந்தப் பட்டம் அல்ல. இங்கிலாந்தில் தொழில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கட்சிக்காரரைச் சந்தித்துக் காகிதங்களைத் திரட்டுபவர் சொலிசிட்டர், நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுபவர் பாரிஸ்டர். இப்படிப்பட்ட நான்கு இன்களில் ஒன்றில் சேர்ந்தால்தான் அங்கே பாரிஸ்டராக முடியும். நம் நாட்டில் அந்தப் பிரிவு கிடையாது. 1976 வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி எல்லோரும் பெகுவாம்பெலா (வாதாடுபவர்), பெகுவாம்சாரா (சொலிசிட்டர்) இரண்டும்தான். மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தவரும் லண்டனில் படித்தவரும் ஒரே ஒன்பது மாதச் சேம்பரிங் முடித்து, அதே நீதிபதி முன் அதே கறுப்பு அங்கியில் நிற்கிறார்கள். நான் தோற்றுப்போன வழக்குகள் சிலவற்றில் எதிரே நின்றவர் கடல் தாண்டாதவர்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. 53-ஆவது கட்டளையின் கீழ் எத்தனை வழக்கு நடத்தியிருக்கிறீர்கள்? என் காகிதங்களை நீங்களே படிப்பீர்களா, உதவியாளரிடம் கொடுப்பீர்களா? ஆகஸ்ட் 28-க்கு முன் பதிவு செய்ய முடியுமா? மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். சீராய்வு விசாரணை ஒரு மணி நேரத்தில்கூட முடிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் இருப்பது, எந்த நாளில் எந்தக் கடிதம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற பட்டியலைப் பிழையில்லாமல் தயாரித்த பல இரவுகள். அந்தப் பொறுமை உள்ளவரைத் தேடுங்கள்.

கட்டணத்தைத் தொடக்கத்திலேயே பேசி எழுத்தில் வாங்குங்கள். அனுமதி வரைக்கும் எவ்வளவு, முழு விசாரணைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக. 'ஜெயித்தால் பங்கு கொடுங்கள், தோற்றால் எதுவும் வேண்டாம்' என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். அப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கு அதே 1976 சட்டத்தின் 112-ஆவது பிரிவு தடை போடுகிறது. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவில் ஒரு பகுதியை நீங்கள் கட்ட நேரலாம், அதையும் கணக்கில் வையுங்கள். கடை சென்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது தனியார் நிறுவனமாக, பதிவாகியிருந்தால் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வழக்குத் தொடுக்க முடியாது. உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் முடியும். ஆனால் சீராய்வில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது பதினொரு ஆண்டு லைசென்ஸ்களையும், சுகாதாரச் சோதனையில் கிடைத்த தரச் சான்றிதழ்களையும், தொழிலாளர்களின் டைபாய்டு ஊசி அட்டைகளையும், பெற்ற சம்மன்கள் ஏதாவது இருந்தால் அவற்றையும் மறைக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மே 28 கடிதம் வந்த உறையைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? அதன் மேலுள்ள தபால் முத்திரையைக் கைபேசியில் படம் எடுத்து, உறையை அப்படியே, கிழித்த ஓரத்தோடு, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள்.